மூடி என்ன நிறம் என்று கேட்டவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் சௌக்கியம், பூனையும் சௌக்கியம். அங்கே நீயும் மருமகளும் சளி இருமல் என்று ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பூனையை ஏன் இந்த வரிசையில் சேர்த்தேன் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வாரம் வியாழக்கிழமை போனில் அழுது, கிளினிக்கை மூடிவிடுகிறேன், உங்களோடு வந்து இருந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பாவை எடுக்க வைத்தேன். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும், அம்மா குளிக்கிறாள் என்று ஒரே நாளில் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். முதலில் நிம்மதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். யாரும் சாகவில்லை, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கிளினிக்கையும் மூடவில்லை. போனில் சொன்னால் நடுவிலேயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், எனக்கு இதை முழுதாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போன தடவை வந்திருந்தபோது என் பதிவு எண்ணையும் சான்றிதழையும் படம் பிடித்து அனுப்பி, கால்நடை மருத்துவர்கள் மட்டுமே உள்ளே போகக்கூடிய அந்த இணையதளத்தில் என்னைச் சேர்த்துவிட்டுப் போனாய். புனைபெயர் கேட்ட இடத்தில் மாட்டு டாக்டர் என்று நீயே தட்டிவிட்டுச் சிரித்தாய். நான் மாட்டைத் தொட்டு இருபது வருஷம் ஆகிறது, நாயும் பூனையும் கிளியுமாகத்தான் காலம் போகிறது, ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் நான் மாட்டு டாக்டர்தான், பெற்ற பிள்ளையும் அதையே போட்டுவிட்டானே என்று இரண்டு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையில் கோபம் அந்தப் பெயருக்காக இல்லை. இத்தனை வருஷம் தனியாகவே குப்பை கொட்டியவள் இனிமேல் முகம் தெரியாதவர்களிடம் பாடம் கேட்க வேண்டுமா என்ற வீம்பு. வேலை வெட்டி இல்லாதவர்கள் கூடும் இடம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்புறம் மத்தியானம் கிளினிக் காலியாக இருக்கும்போது, டப்பாவில் கை விட்டு முறுக்கு எடுப்பவளைப் போல மெல்ல உள்ளே போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். மருந்து அளவு அட்டவணைகள், பதிவு செய்த வகுப்புகள், எக்ஸ்ரே படத்தைப் போட்டு இது என்னவென்று கேட்கிறவர்கள், நாய் வயிற்றிலிருந்து ஒரு காலுறையை எடுத்துவிட்டு இதன் ஜோடியை எங்கே தேடுவது என்று புலம்பிய ஒருவர், எல்லாம் இருந்தது. ஆனால் எட்டு மாதமாக நான் ஒரு வார்த்தை எழுதியதில்லை, எட்டிப் பார்ப்பதோடு சரி.

தெருமுனை பேக்கரிக்காரரை உனக்கு நினைவிருக்கும், மனைவி போனபிறகு ஒண்டிக்கட்டை. அவருக்கு இருக்கும் ஒரே துணை கல்லாவுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கும் அந்தக் கிழட்டுச் சாம்பல் பூனை. கடைக்கு வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். மேனேஜருக்கு ஒன்றரை வருஷமாகச் சர்க்கரை நோய், தினம் இரண்டு வேளை இன்சுலின், அவரே தப்பாமல் போடுவார். நான் போனில் அழுத அந்த வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை மருந்து வாங்க வந்தார். வழக்கமான மருந்து எங்கும் வரத்தில்லை, அதனால் மனிதர்களுக்குப் போடும் இன்சுலினில் ஒரு புட்டி கொடுத்தேன். இங்கே ஒரு விஷயம் உனக்குப் புரிய வேண்டும். விலங்குகளுக்கான மருந்து நீர்த்தது, மனிதர்களுடையது அதைவிட இரண்டரை மடங்கு அடர்த்தி. அதனால் இரண்டுக்கும் ஊசி வேறு. பழையதற்குச் சிவப்பு மூடி, புதியதற்கு ஆரஞ்சு மூடி. மருந்தை மாற்றினால் ஊசியையும் மாற்றிக் கொடுக்க வேண்டும், எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஆரஞ்சு மூடி ஊசிப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தும்விட்டேன். அந்த நேரம் பார்த்து, கண்ணாடியில் காலைக் கிழித்துக்கொண்ட ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஓடி வந்தார்கள், தரையெல்லாம் ரத்தம், நான் அந்தப் பக்கம் ஓடினேன். பேக்கரிக்காரர் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா மேஜையை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று பெட்டியைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கிளினிக் கதவைத் திறக்கும்போதே மாவு படிந்த மேலங்கியோடு அவர் வாசலில் நிற்கிறார், கையில் துணியில் சுற்றிய மேனேஜர், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினேன், கண் திறந்தது, அரை மணியில் மறுபடி சரிந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி சரிந்தது. எவ்வளவு போட்டீங்க என்று கேட்டேன், எப்பவும் போல ரெண்டு கோடுதான் டாக்டர், ஒரு சொட்டு கூடப் போடல என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அளவு சரியென்றால் ஈரல் கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே கட்டி ஏதோ இருக்க வேண்டும் என்று என் புத்தி அந்தப் பக்கமே போனது. பதினொன்றரை மணிக்கு முடிவு கட்டிவிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்பது, தேறாவிட்டால் கஷ்டப்படுத்தாமல் அனுப்பிவைத்துவிடலாம் என்று அவரிடம் சொல்லிவிடுவது. எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். அப்போதுதான் மனசு கேட்காமல், சொட்டுக் குழாயில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே, அந்தத் தளத்தில் முதல் முறையாக எழுதினேன். பூனை, பதினான்கு வயது, இன்சுலின் மாற்றி மூன்று நாள், அளவு சரி, சர்க்கரை நிற்கவில்லை, வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்டேன்.

நான்கு நிமிஷத்தில் பதில் வந்தது. எழுதியவரின் புனைபெயர் மூன்றுகால். ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை, வீட்ல போடுற ஊசியோட மூடி என்ன நிறம் என்று ஒரே ஒரு கேள்வி. படித்ததும் எழுந்து ஓடினேன். அலமாரியைத் திறந்தால் ஆரஞ்சுப் பெட்டி பிரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பேக்கரிக்காரரை ஓடிப்போய் வீட்டில் இருக்கும் ஊசியை எடுத்துவரச் சொன்னேன். மூச்சிரைக்க ஓடி வந்து நீட்டினார், சிவப்பு மூடி. அவர் இரண்டு கோடு என்று நினைத்துப் போட்டது உண்மையில் ஐந்து. காரணத்தை எழுதியதும், இத்தனை மணி நேரம் மருந்து வேலை செய்யும், அதுவரை விடாமல் குளுக்கோஸ் போகட்டும் என்று மூன்றுகாலும் கூடவே இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மேனேஜர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சீறியது. என் வாழ்நாளில் ஒரு பூனை சீறியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இதுவரை கேட்டால் நல்ல கதைதான். இனிமேல்தான் உன் அம்மாவின் யோக்கியதை. ஊசி மாறிப்போச்சு, அதனாலதான் இப்படி என்று அவரிடம் சொன்னேன். யார் மாற்றிக் கொடுக்கவில்லை என்று சொல்லவில்லை. அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, ஐயோ என் கையாலேயே கொல்லப் பாத்தேனே, கண்ணத் தெறந்து பாத்து எடுத்திருக்கக் கூடாதா என்று நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் அவர் தோளைத் தட்டி, போகட்டும் விடுங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று சொன்னேன். என் தப்புக்கு அவரை நான் மன்னித்தேன், கேட்டுக்கொள். மறுநாள் பூனையையும் ஆரஞ்சு மூடி ஊசிப் பெட்டியையும் எடுத்துப் போகும்போது கதவருகில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் என்னை அறுத்தது. பெட்டியை எடுத்து வைத்த அப்பா மேல் பழியைப் போடலாமா என்றும் ஒரு நிமிஷம் யோசித்தேன், வாயைத் திறந்து பாதி வாக்கியம் சொல்லியும்விட்டேன், அவர் பாவம் புரியாமல் என்ன பெட்டி என்று கேட்டார். வியாழக்கிழமை உனக்குப் போன் செய்ததும் இந்த அவமானத்தில்தான். உன்னிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை, மூடிவிட்டு ஓடிவந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் மூன்றுகாலுக்கு நன்றி எழுதினேன். அதிலும் பூனைக்காரர் பழைய ஊசியைப் பயன்படுத்திவிட்டார் என்றுதான் எழுதினேன், எழுதுகிற கை கூசவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு மட்டும் தனியாகப் பதில் வந்தது. பூனை பிழைத்ததில் சந்தோஷம் என்று எழுதிவிட்டு, அந்தக் கேள்வி தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு நாய் வந்துச்சு, இதே கதைதான், புது மருந்து கொடுத்துட்டு ஊசி மாத்திக் கொடுக்க மறந்துட்டேன், நாய் போயிடுச்சு. அந்தம்மாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு, தன்னாலதான் போச்சுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க, நானும் சும்மா இருந்துட்டேன். வருஷா வருஷம் அந்தத் தேதியில எனக்கு ஒரு தபால் அட்டை போட்டு மன்னிப்பு கேப்பாங்க, போன வருஷம் அட்டை வரல. இவ்வளவுதான் எழுதியிருந்தது. நீ சொல்லு என்றோ சொல்லாதே என்றோ ஒரு வார்த்தை இல்லை. என்னைக் கண்டுபிடித்துவிட்டாரா, தன் பாரத்தை இறக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைப் படித்ததும், அவருக்கு நான் எழுதியிருந்த நன்றியைத் திரும்ப எடுத்துப் படித்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரமாகப் பார்த்து, பேக்கரிக்குப் போனேன். பின்கட்டில் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேறு பேச்சு பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவேன் என்று பயம். தப்பு உங்களது இல்ல, நான்தான் ஊசிய மாத்திக் கொடுக்கணும், மறந்துட்டேன், நீங்க அழுதப்பவும் சொல்லாம இருந்துட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் நிமிரவே இல்லை. ஏற்கெனவே பளபளவென்று இருந்த தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், சரி டாக்டர், கடைய மூடணும் என்றார். பட்டப்பகலில், அலமாரி நிறைய ரொட்டி இருக்கும்போது. சரி, இனி இந்த மனுஷன் நம் படி ஏறமாட்டார், நாலு பேரிடம் சொல்லவும் செய்வார், சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், அதான் அன்னிக்கு ஏதோ பெட்டின்னியா என்றார். எனக்குக் கேரட் பொரியல் பிடிக்கும் என்று நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை அந்தத் தளத்தில் என் பழைய கேள்விக்குக் கீழேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். தவறு பூனைக்காரருடையது அல்ல, என்னுடையது, நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதிவிட்டு, கல்லடி விழுமென்று கணினியை மூடிவைத்துவிட்டேன். மறுநாள் திறந்து பார்த்தால் அறுபதுக்கு மேல் பதில்கள். ஒருவர் கிலோவுக்குப் பதில் பவுண்டில் எடையைப் போட்டு முயலுக்கு மருந்து கொடுத்தது, ஒருவர் ஆண் பூனையை ஆணென்றே தெரியாமல் கருத்தடைக்கு வயிற்றைத் திறந்தது, ஒருவர் தப்பு பண்ணிவிட்டு வீடு வரை அழுதுகொண்டே கார் ஓட்டிப் போனது என்று ஆளாளுக்குத் தம் கதையைச் சொல்லியிருந்தார்கள். எல்லோருமே மாட்டு டாக்டர் அவர்களுக்கு என்று மரியாதையாக ஆரம்பித்திருந்தார்கள், உன்னை நினைத்துச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இளவயதுக்காரி ஒருத்தி, டாக்டர், நீங்க எழுதினதப் பாத்துட்டு நானும் இன்னைக்கு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன் என்று எழுதியிருந்தாள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் நான் மட்டும்தான் சொதப்புகிறேன் என்று நினைத்து எத்தனை தடவை தனியாகப் புழுங்கியிருக்கிறேன். பேச ஆளில்லாமல் இருந்ததுதான் எனக்கு இத்தனை நாள் வியாதி என்று இப்போது தெரிகிறது.

நேற்று திங்கட்கிழமை, மேனேஜரைச் சோதிக்க நான் குறித்துக் கொடுத்திருந்த நாள், பத்து மணிக்கு. பத்தாயிற்று, பத்தேகால் ஆயிற்று. அப்பா ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்குப் பேக்கரிக்காரர் மேனேஜரைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடையை மேஜையில் வைத்தார், ஆரஞ்சு மூடி ஊசி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்து, என் கண்ணு முன்னாடி ஒரு தடவ நீங்களே எடுத்துக் காட்டுங்க டாக்டர் என்றார். எடுத்துக் காட்டினேன். அவரும் ஒருமுறை எடுத்துக் காட்டினார். சர்க்கரை அளவு நன்றாக இருந்தது. கூடையை மூடும்போது என்னைப் பார்த்து, எனக்குக் கோவம் இருக்கு டாக்டர், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா என் தப்புன்னே நெனச்சிட்டிருந்த அந்த மூணு நாளும் என்னால இவன் மூஞ்சிய நேரா பாக்க முடியல, ஊசி போடுற நேரம் வந்தா கை ஓடல, இப்ப பாக்குறேன் என்றார். சொல்லிவிட்டு அதன் தலையைத் தடவினார். அடுத்த திங்கள் எத்தன மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

எல்லாம் சொல்லியாயிற்று, மனசு லேசாக இருக்கிறது. எனக்காக ஓர் அறையைக் காலி பண்ணி வைத்திருப்பதாக அப்பாவிடம் சொன்னாயாம், அவர் என்னிடம் சொல்லாமல் மறைத்துப் பார்த்தார், முடியவில்லை. கேட்டதும் உன் மேல் அவ்வளவு பாசம் பொங்கியது ராசா, ஆனால் நீ எடுத்து வைத்ததையெல்லாம் திரும்ப அங்கேயே கொண்டுபோய் வை, நான் விருந்தாளியாக மட்டும் வருகிறேன். நீங்கள் இருவரும் ஒருவர்க்கொருவர் மறைக்காமல், மனசில் ஒன்றையும் பூட்டி வைக்காமல், நிறைவாக நீடு வாழ வேண்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, இந்தத் தடவை நானே எடுக்கிறேன்.

உங்கள் இருவரையும் நெஞ்சில் வைத்திருக்கும்
அம்மா