குலுக்கிக் கட்டிய மூட்டை

இன்று காலை மேசை இழுப்பறையைத் துப்புரவாக்கும்போது அந்த வெள்ளித்தாள் உறை கையில் பட்டது. தேயிலை மாதிரி அனுப்புவதற்காகத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் சிறிய உறை. மெமரி கார்டில் ஈரம் ஏறக்கூடாதென்று நீ அதை இப்படியோர் உறையில் போட்டுத்தான் கொண்டுவருவாய். வாயைப் பிரித்ததும் தேயிலைத் தூளின் காய்ந்த மணம் வந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. மணம் போகவில்லை.

ஸ்பிரிங்வெளிக்கு அப்பால், தோட்டப் பாடசாலையில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் பல்கலைக்கழகம் போய், கணினி கற்பிப்பவனாகப் பதுளைக்குத் திரும்பினேன். நீ தொழிற்சாலையின் மூட்டை கட்டும் அறைக்குப் போனாய். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலேயுள்ள சரிவில் பதுளையின் அரச அலுவலகம் ஒன்று தானியங்கி மழைமானியை நட்டபோது, அதன் பதிவுப் பெட்டியைத் திறந்து மாதந்தோறும் கார்டை எடுக்கும் சாவியை உன்னிடம் கொடுத்தார்கள். அது எழுதுவதை வாசிக்கும் நிரலை என்னிடம் கேட்டார்கள். மலைச்சரிவில் எவ்வளவு மழை இறங்கியதென்று நீயும் நானும் சேர்ந்து சொல்லப்போகிறோம் என்று அன்று நீ பெருமைப்பட்டாய்.

அந்தப் பெட்டி மணிக்கொரு பதிவு எழுதும். மின்கல நிலைக்கு ஒரு பைட்டு, நேரத்துக்கு நான்கு, மழைக்கு இரண்டு. இடையில் மூன்றும் கடைசியில் இரண்டுமாக ஐந்து பைட்டுகளை வெற்றாக விடும். ஆகப் பன்னிரண்டு. கோப்பைத் திறந்து பார்த்தால் மனிதக் கண்ணுக்கு எதுவும் புரியாது. எது எங்கே தொடங்குகிறதென்று தெரிந்தவனுக்கு மட்டுமே அது மழை. என் நிரல் பன்னிரண்டு பன்னிரண்டாக வெட்டி வாசித்தது. இரண்டு ஆண்டுகள் பிசகவில்லை.

பிறகு பழுதான பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். அந்த மாதம் நிரல் காட்டிய தேதிகள் அடுத்த நூற்றாண்டில் கிடந்தன. ஒரு மணி நேர மழையில் பதுளை நகரமே மூழ்கியிருக்க வேண்டும். கோப்பின் முடிவில் ஒரு பிழைச் செய்தியும் வந்தது: கடைசிப் பதிவுக்குப் போதிய பைட்டுகள் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைசித் துண்டு குறையாக இருந்தால் சத்தமில்லாமல் எறிந்துவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். பிழைச் செய்தி மறைந்தது. பிழை மறையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாய்.

"டேய், பழைய பெட்டி ஒரு நாளைக்கு எரநூத்தி எம்பத்தெட்டு பைட்டு எழுதிச்சு. இது நூத்தி அறுபத்தெட்டுதான் எழுதுது. ஃபாக்டரி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன்."

"அப்போ பாதிப் பதிவு விட்டுப்போயிருக்கு. பெட்டியிலதான் கோளாறு."

"விட்டுப்போகலடா. நாங்க மூட்டைய மிஷின்ல வச்சுக் குலுக்கிக் கட்டுறோம்ல? குலுக்குனா தூள் எறங்கி மூட்டை கட்டையாயிரும். நிறுத்துப் பாத்தா தேயிலை கொறஞ்சிருக்காது. ஒனக்கு வந்திருக்கிறது குலுக்குன மூட்டை."

நான் சிரித்தேன். "நீ தேயிலையப் பாரு. பைட்ட நான் பாத்துக்கிறேன்."

நீயும் சிரித்துக்கொண்டு தேநீரைக் குடித்தாய். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதிவுகள் சிதைந்தது பற்றிய விசாரணைக்கு உன்னைப் பதுளைக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், நான்காவதாக நான். சாவி உன்னிடம் மட்டுமே இருந்தது. ஆகவே இடையில் பெட்டியைத் திறந்து கெடுத்தது நீயாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. "கார்டு எடுக்கத் தவிர நான் தொறக்கல," என்றாய். நிரலில் தவறிருக்குமா என்று என்னைக் கேட்டார்கள். பழைய பதிவுகளைச் சரியாகவே வாசிக்கிறது என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த மறைவில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

நீ என் பக்கம் திரும்பினாய்.

"எண்ணிப் பாத்தீங்களா, சார்?"

நாற்பது ஆண்டுகளில் முதல் தடவையாக என்னைச் சார் என்றாய்.

"அதை நிரல் பார்த்துக்கொள்ளும்," என்றேன்.

'பொறுப்பாளர் அனுமதியின்றிப் பெட்டியைத் திறந்தமையால் பதிவுகள் சிதைந்துள்ளன' என்று அறிக்கையில் எழுதினார்கள். நால்வரும் கையெழுத்திட்டோம். சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடி நின்றபோது, ஒருவன் உன்னைக் கேட்டானாம்: "என்னண்ணே, போன மாசத்து மழைய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" களமே சிரித்தது. நீயும் சிரித்தாயாம். உன் மனைவி சொன்னாள். நான்கு மாதம் கழித்து மார்புவலியில் போய்ச் சேர்ந்தாய். அறிக்கையின் அந்த வரி உன்னைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அந்த வரி நிற்கும்போதே நீ போனாய் என்கிறேன். அது போதும்.

கருமாதி முடிந்த அன்று உன் மனைவி ஒரு கொப்பியையும் ஒரு வெள்ளித்தாள் உறையையும் கொண்டுவந்தாள். "அண்ணே, இது ஒங்களுக்குன்னு வச்சிருந்தாரு." உறைக்குள் அந்த மாதத்துக் கோப்பின் பிரதி இருந்தது. கொப்பியில், பெரட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக் குழாயில் அளந்த மழை, உன் சாய்ந்த எழுத்தில். யாரும் கேட்காமலே அளந்திருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் ஒரு வகுத்தல் கணக்கு: நூற்று அறுபத்தெட்டை இருபத்துநான்கால். விடையை எழுதாமல் இடம் விட்டிருந்தாய்.

நான் வகுத்தேன். புதிய பெட்டி வெற்றிடம் விடாமல் நெருக்கி எழுதியிருந்தது. வெட்டும் அளவை மாற்றினேன். அடுத்த நூற்றாண்டில் கிடந்த தேதிகள் ஒழுங்காக வந்து, மணிக்கு மணி வரிசையில் நின்றன. பெருமழை பெய்த நாளுக்குப் பெட்டி எண்பத்துமூன்று மில்லிமீட்டர் என்றது. உன் கொப்பி எண்பத்துநான்கு என்றது. 

அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். "அவர்தான் இல்லையே சார். இனி யாருக்காக இதெல்லாம்?"

"அறிக்கையில் இருக்கிறாரே," என்றேன்.

"சரி, தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுக்கலாம்."

செய்தவன் இல்லாத ஒரு குற்றத்தை எனக்கு அவர் இனாமாகத் தந்தார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து தடவை போனேன். ஐந்தாம் தடவை, நானே எழுதிய தாளை அவர்முன் வைத்தேன்: பெட்டி அனுமதியின்றித் திறக்கப்படவில்லை. பதிவுகள் சரியானவை. வாசித்த நிரல் தவறானது. அதன்கீழ், நிரலை எழுதியவன் என்று என் பெயர். குரலை உயர்த்தவில்லை. மூவரின் கையெழுத்தும் விழும்வரை அந்த நாற்காலியிலிருந்து எழவுமில்லை.

பிரதியை உன் மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இத வீட்டுல வச்சு என்ன செய்யிறது அண்ணே? பெரட்டுல வாசிங்க. அங்கதான சிரிச்சாங்க."

போன வாரம் வாசித்தேன். பனி கலையவில்லை. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். என் பெயர் வந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டவில்லை. முடிந்ததும் தாளை மடித்தேன். அன்று உன்னைக் கேட்டவன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப அந்த மழை பெஞ்சது நெசந்தானா?" என்றான்.

"ஏன், நீ நனையலயா?" என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி. "மூணு நாளு இருமிக்கிட்டுக் கெடந்தியே!"

களம் சிரித்தது. இந்தத் தடவை உன்னைப் பார்த்தல்ல.

குறைத் துண்டை எறியச் சொன்ன அந்த வரியை அழித்துவிட்டேன். இப்போது ஒரு பைட்டு குறைந்தாலும் நிரல் அங்கேயே நின்று சொல்கிறது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் அதன் நீளத்தைப் பார்க்கிறேன், பிறகுதான் மற்றதெல்லாம். மாணவர்கள் அதை என் பழக்கம் என்று நினைக்கிறார்கள். யாருடையதென்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்கிறேன்.

உன் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நீ விட்டிருந்த இடத்தில் பென்சிலால் விடையை எழுதியிருக்கிறேன்.

எண்ணிப் பார்த்தேன்டா. ஏழு.