நடுவில் வெட்டிய வானவில்

ஜூன் 2, செவ்வாய்

கருநீல பலூன் எங்கேயும் கிடைப்பதில்லை. வானவில்லுக்கு வேண்டிய ஏழு நிறத்தில் ஆறைத்தான் வாங்க முடியும், ஏழாவதை நான் செய்ய வேண்டும். ஊதா பலூனைச் சுருட்டி நீல பலூனுக்குள் நுழைத்து, இரண்டையும் சேர்த்து ஊதினால் கருநீலம் வரும். நுழைக்கும்போது நகம் பட்டால் இரண்டும் போச்சு. காலையிலிருந்து இதே வேலை. நகத்தை ஒட்ட ஒட்ட வெட்டியதில் விரல் நுனியெல்லாம் எரிகிறது.

கீழே அக்காவின் கடை. குழந்தைகள் பிறந்தநாளுக்கு வேண்டிய பலூன், தொப்பி, காகிதத் தோரணம், பஞ்சு மேகம் எல்லாம் அங்கே. மேலே நான். நடுவில் பாதியில் திரும்புகிற ஒரு குறுகலான மாடிப்படி. தெருவுக்குப் போக வேண்டுமென்றால் கடை வழியாகத்தான் போக வேண்டும். கடையில் அக்கா இருப்பாள். "எங்க கிளம்பிட்ட?" என்பாள். அதட்டல் துளிகூட இருக்காது. ஆனாலும் நான் ஒரு காரணம் சொல்வேன். காரணம் கிடைக்காத நாளில் மேலேயே இருந்துவிடுவேன்.

கல்யாணம் முறிந்து ஒரே ஒரு பையோடு வந்து நின்றவளை, ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டவள் அவள். "ஒரு மாசம் இருந்துட்டு நிதானமா போ" என்றாள். ஆறு வருடம் ஆகிறது. "போ" என்று சொன்னதை அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன்.

ஜூன் 4, வியாழன்

வானவில் இல்லாமல் இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் வயது ஏறுவதில்லை போலிருக்கிறது. கேக்கில் வானவில், தட்டில் வானவில், வாசலில் வானவில். நிஜ வானவில்லைக் கடைசியாக எப்போது பார்த்தேன்? என் சன்னலிலிருந்து எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும்.

ஜூன் 6, சனி

இன்று அக்கா என்னை வெளியே கூட்டிப்போனாள்! விழாவில் குழந்தைகளுக்குக் கைவேலை சொல்லித்தர வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல், வேறு ஆள் இல்லை. மாமா வேன் ஓட்ட, நானும் அக்காவும் பின்னால் பலூன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனோம். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அவர் பேசுவது "ம்" மட்டும்தான். மற்றதையெல்லாம் அக்கா பேசிவிடுவாள்.

ஒரு பெரிய கூடம், ஐந்து வயதுப் பெண்ணின் பிறந்தநாள். காகிதத் தட்டைப் பாதியாக மடித்து, விளிம்பில் வண்ணக் காகிதத் துண்டுகளை வரிசையாக ஒட்டி, கீழே பஞ்சு வைத்தால் வானவில். குழந்தைகள் எனக்கு முன்னால் குவிந்துவிட்டார்கள். ஒருத்தி கறுப்பையும் சேர்த்தாள். "இது எதுக்கு?" என்று கேட்டதற்கு, "அதுக்கும் வரணும்னு ஆசை இருக்கும்ல" என்றாள். ஒரு பையன் என் மூக்கில் பஞ்சு ஒட்டினான். நான் பேசினேன், கதை சொன்னேன், சத்தம் போட்டேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

முடியும் நேரத்தில் விருந்தாளியாக வந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். மழலையர் பள்ளி நடத்துகிறவராம், எல்லோரும் பெரிய டீச்சர் என்று கூப்பிட்டார்கள். "எங்க பிள்ளைங்களுக்குக் கைவேலை சொல்லிக் குடுக்க ஒருத்தர் வேணும். நீங்க வர்றீங்களாம்மா?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்.

அக்கா எங்கிருந்து வந்தாளோ தெரியவில்லை. "இவளா டீச்சர்? நல்லா கேட்டீங்க போங்க. நாலு பேர் முன்னாடி இவளுக்கு வாயே வராது. மேல உக்காந்து வேலை செய்யச் சொன்னா செய்வா" என்று சிரித்தாள். என் தோளைச் சுற்றிக் கையும் போட்டுக்கொண்டாள்.

நான் தலையை ஆட்டினேன்.

ஜூன் 7, ஞாயிறு

ஏன் ஆட்டினேன்?

ஜூன் 10, புதன்

அக்கா மேலே வந்தாள். டீ கொண்டுவந்தாள். என் விரலைப் பார்த்துவிட்டு எண்ணெய் எடுத்துத் தடவிவிட்டாள். "நீ இல்லன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிடி" என்றாள். பொய்யாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள்.

கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! சண்டை போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பேன். விரலுக்கு எண்ணெய் தடவுகிறவளிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்வது? தொண்டை வரைக்கும் வந்தது. "டீல சக்கரை போதுமா?" என்றாள். போதும் என்றேன். உண்மையில் போதவில்லை. அதைக்கூடச் சொல்ல வரவில்லை, பாருங்கள் லட்சணத்தை.

ஜூன் 13, சனி

அந்த மழலையர் பள்ளியிலிருந்தே ஆர்டர்! அடுத்த சனிக்கிழமை ஆண்டு விழா. மேடைக்குப் பின்னால் நிற்க ஒன்பது அடியில் வானவில் வேண்டுமாம். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் அட்டை, அட்டைமேல் காகிதப் பந்துகளை நெருக்கி ஒட்ட வேண்டும். மழை விடுவதாக இல்லை, அதனால் என் அறையிலேயே செய்யச் சொல்லிவிட்டாள் அக்கா.

"ரெண்டு பாதியா செஞ்சு அங்க போய்ச் சேத்துக்கலாம்க்கா" என்றேன்.

"நடுவுல கோடு தெரியும். அசிங்கமா இருக்கும்."

"படியில திரும்பாதுக்கா."

"நான் அளந்துட்டேன். கதவுல தாராளமா போகும். நீ வேலையப் பாரு."

அவள் அளந்தது கதவை. படியின் திருப்பத்தை அளக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் எனக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பள்ளிக்கு நானும் போவேன். அங்கே வைத்து நானே பெரிய டீச்சரிடம் கேட்டுவிட வேண்டும். இந்தத் தடவை கேட்காவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் கேட்கமாட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

மழை. சிவப்பும் ஆரஞ்சும் முடிந்தன.

ஜூன் 18, வியாழன்

மஞ்சளிலிருந்து ஊதா வரைக்கும் ஒட்டி ஆயிற்று. வானவில் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பாய் விரிக்க இடமில்லை, அதன் வளைவுக்கு அடியில்தான் படுக்கிறேன். கண்ணைத் திறந்தால் பசை நாற்றத்தோடு ஊதா. குழந்தைகளுக்கு இது கனவு மாதிரி இருக்குமோ என்னவோ. எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஜூன் 20, சனி

தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. இருந்தாலும் ஒழுங்காக, நடந்தது நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையில் அக்காவும் மாமாவும் மேலே வந்தார்கள். வானவில்லை ஒருக்களித்துத் தூக்கினோம். கதவில் தாராளமாகப் போயிற்று. அக்கா என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் முன்னால் இறங்க, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். படி திரும்பும் இடத்தில் ஒரு முனை சுவரில் முட்டியது, வளைவின் உச்சி கூரையில் இடித்தது. "தள்ளுடி!" என்றாள். தள்ளினேன். "இன்னும் தள்ளு!" இன்னும் தள்ளினேன். அவ்வளவுதான், கெட்டியாகச் சிக்கிக்கொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

அவர்கள் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். வளைவுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் இருந்த சந்தில் அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது.

"தண்ணி தெளிச்சா சுருங்குமா?" என்று மாமா கேட்டார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அதற்குள் பள்ளியிலிருந்து போன். அக்கா குரலில் தேன் வழிந்தது. "வந்துக்கிட்டே இருக்கோம் டீச்சர். வழியிலதான் இருக்கோம்." பொய் இல்லை, வழியில்தான் இருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள்.

போனை வைத்தாள். பிறகு, "சரி, இது இங்கயே இருக்கட்டும். நானும் மாமாவும் போய் அவசரத்துக்கு ஒரு பலூன் வளைவு கட்டிட்டு வந்துடறோம். சாயங்காலம் ஆசாரியக் கூட்டிட்டு வந்து இதைக் கழட்டிக்கலாம்" என்றாள்.

"அப்போ நான்?"

"உனக்கு அங்க என்ன வேலை? எப்பவும் மேலயே இருக்கறவதானே. இன்னிக்கு மட்டும் என்ன அவசரம் வந்துடுச்சு?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டுப் படி இறங்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அறைக்குள் போனேன். சட்டம் அறுக்கிற சின்ன ரம்பம் மேசைமேல் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து வானவில்லின் உச்சியில், சிவப்பில் வைத்தேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்தாள். "ஏய்! என்னடி பண்ற? ஐயோ, வெட்டறா! சிவப்ப வெட்டறா!"

"ஆமாக்கா."

"பைத்தியமா உனக்கு? ஒரு வாரம் உக்காந்து ஒட்டினது!"

"ஒட்டினது நான்தான்க்கா."

ஆரஞ்சு. மஞ்சள். காகிதப் பந்துகள் படியெல்லாம் உருண்டன. அக்கா சந்துக்குள் கையை விட்டு ரம்பத்தைப் பிடிக்கப் பார்த்தாள். அப்போது மாமா அவள் தோளைத் தொட்டு, "வெட்டட்டும் விடு" என்றார். மனிதர் அக்காவை மீறிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஊதா வரைக்கும் அறுத்தேன். பிறகு குறுக்குச் சட்டம். பாதி அவர்கள் பக்கம் சாய்ந்தது, பாதி என் மேல் விழுந்தது. என் பாதியைத் தூக்கிக்கொண்டு நானே இறங்கினேன். வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஜூன் 21, ஞாயிறு

நேற்று பாதியோடு தூங்கிவிட்டேன். மீதி இது.

இரண்டு பாதியையும் நிறுத்தி, வெட்டின இடத்தில் பஞ்சு மேகம் வைத்து மறைத்தோம். "நடுவுல மேகம் வெக்கறதுதான் டீச்சர் இப்போ புதுசு" என்று அக்கா கூசாமல் சொன்னாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அவள் ஒலிபெருக்கிக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெரிய டீச்சரிடம் போனேன். "அன்னிக்கு நீங்க கேட்டீங்களே டீச்சர்... நான் வர்றேன்."

அவர் முகம் வாடியது. "அடடா. அன்னிக்கே உங்க அக்கா முடியாதுன்னுட்டாங்களேம்மா. வேற ஒருத்தரப் போட்டுட்டோம்."

இதற்காகவா அறுத்தேன்?

நான் நகராமல் நின்றதைப் பார்த்து அவரே சொன்னார். "ஆயா வேலைதான் காலியா இருக்கு. கை கழுவி விடணும், மூக்கு துடைக்கணும், துணி மாத்தணும். அது உங்களுக்குச் சரிப்படாது."

"செவ்வாய்க்கிழமை சொல்றேன் டீச்சர்" என்றேன்.

ஜூன் 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன். டீச்சரிடம் சரியென்று. பிறகு அக்காவிடம்.

"ஆயாவா? என் தங்கச்சி ஊரான் பிள்ளைக்கு மூக்கு துடைக்கப் போறாளா? கை நிறைய தொழில வெச்சுக்கிட்டு?"

"ஆமாக்கா."

"உனக்கு இங்க என்ன குறை வெச்சேன்? ஒண்ணு சொல்லு. ஒரே ஒண்ணு சொல்லுடி!"

ஒன்றும் தோன்றவில்லை. ஐயோ, ஒன்றுமே தோணலயே! சாப்பாடு, துணி, காய்ச்சல் வந்தா பக்கத்துலயே உக்காந்திருப்பா. நான் என்னத்தச் சொல்ல?

கடைசியில் வந்தது. "என்னை யாராவது ஏதாவது கேட்டா, நீ பதில் சொல்றக்கா."

"உனக்குப் பேச வராதுன்னுதானே நான் பேசறேன்?"

"விட்டாத்தானே வரும்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு. நன்றி கெட்டவள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அடுத்த மூச்சு விடுவதற்குள் ஒரு தரம்.

ஜூன் 28, ஞாயிறு

பையில் துணி வைத்தேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

ஜூன் 30, செவ்வாய்

பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை. மாமா வேனில் கொண்டுவந்து விட்டார். அக்கா கடையிலிருந்து வெளியே வரவில்லை, பலூனுக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "எங்க கிளம்பிட்ட?" என்று கேட்கவில்லை.

ஜூலை 3, வெள்ளி

முதுகு விட்டுப்போகிறது. பத்து குழந்தைகளின் மூக்கு ஒரே நேரத்தில் ஒழுகுகிறது. கைவேலை வகுப்பு நடக்கும்போது நான் வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே வானவில் ஒட்டுகிறார்கள். அந்த வேலைக்கு எடுத்த பெண் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறாள். வயிறு எரியவில்லை என்று எழுதினால் பொய். எரிந்தது.

வேலை முடிந்து, ஒரு காரணமும் இல்லாமல், தெருக் கோடி வரை நடந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9, வியாழன்

அழுகை. அக்காவுக்குப் போன் செய்யக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் வந்துவிடுவாள், வந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 17, வெள்ளி

ஒரு வகுப்பில் பிறந்தநாள். அலங்காரத்துக்கு வந்தது அக்கா. நான் கிளம்பிய பிறகு இன்றுதான் பார்க்கிறேன், இளைத்திருக்கிறாள். நாற்காலிமேல் ஏறிப் பலூன் கட்டிக்கொண்டிருந்தாள். கருநீலம் இல்லாமல் ஆறு நிறம்தான் இருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் கால்சட்டையை நனைத்துவிட்ட ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. பிறந்தநாள் குழந்தையின் அம்மா எங்கள் பழைய வாடிக்கைக்காரி. என்னைப் பார்த்தவள், அக்கா பக்கம் திரும்பி, "இவங்க உங்ககிட்ட இருந்தவங்கதானே? இங்க என்ன பண்றாங்க? ஏன் வந்துட்டாங்க?" என்றாள்.

அக்காவின் வாய் திறந்தது. தோளில் கை விழப்போகிறது, சிரிக்கப்போகிறாள், நான் தலையாட்டப்போகிறேன் என்று நினைத்தேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கையிலிருந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அவளையே கேளுங்க. அவ பேசுவா" என்றாள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். "இங்க ஆயாவா இருக்கேங்க" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது, கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா இன்னும் அதே முடிச்சைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

பையன் குளிருகிறது என்று கையை இழுத்தான். துணி மாற்றக் கூட்டிக்கொண்டு போனேன்.