பல்லிகள் திருப்பிக் கொடுத்த பாவம்

இத்தனை நாள் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். படிக்க நீ இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இன்று காலை நம் கல்லூரிச் சுவரில் தாளாளரின் பிறந்தநாள் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்து வந்த மைதாப் பசை வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன்.

அதே பசையில்தான் பழைய செய்தித்தாளை ஒட்டிப் பல்லி முகமூடிகள் செய்தோம். பழங்கால கிரேக்க நகைச்சுவை நாடகம் நமக்குப் பாடமாக இருந்த வருடம் அது. விலங்கு வேடம் போட்ட கூட்டம் மேடையில் பாடும், முன்வரிசைப் பெரிய மனிதரைப் பெயர் சொல்லியே கிண்டல் செய்யும் என்று படித்ததும் என் காதருகே சொன்னாய்: "நம்மூர்ல அதுக்கு ஆளும் இருக்குது, பல்லியும் இருக்குது."

வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் பாவம் போகும் என்று ஊரே ஏறித் தொடுகிறது. போகிற பாவமெல்லாம் பல்லி மேல்தானே சேரும்? சுமந்து அலுத்த பல்லிகள் ஒருநாள் இறங்கி வந்து, அவரவர் பாவத்தை அவரவரிடமே திருப்பிக் கொடுக்கின்றன. அதுதான் நம் நாடகம். "நீ எழுதுடி. வாய் எங்கிட்ட இருக்குது" என்றாய். எழுதினேன்.

ஆண்டு விழாவில் நீ மேடை விளிம்புக்கு வந்து, தாளாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். "ஏரிய மனை போட்டு வித்தீங்களே, அந்தப் பாவம் ரொம்ப கனக்குது. புடிங்க" என்று கையை நீட்டினாய். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாள் பிரின்சிபால் அறையில், யார் எழுதியது என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். நீ "நான்தான்" என்றாய்.

டி.சி.யை மடித்துப் பையில் வைத்தபடி சொன்னாய்: "ரெண்டு பேரும் போயி என்னா ஆவப் போவுது? உங்க வீட்ல நீதான் மொத டிகிரி. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொன்னேன்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. உனக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, நின்றபடியே இரண்டு வருடம், பிறகு நான்கு நாள் காய்ச்சல். ஏரி இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். போஸ்டரில் அவர் கல்வி வள்ளல். அன்று சிரித்தவர்கள் சிரித்ததோடு சரி.

உன் அம்மாவை அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன். "அவ வாயாலயே கெட்டாம்மா. நீ அடக்கமான பொண்ணு, பொழச்சிக்கின" என்பார். தலையாட்டிவிட்டு அவர் தரும் டீயைக் குடிப்பேன்.

இனி முடியவில்லை. சரி என்று சொல்ல நீ இல்லை, தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அன்று கொடுத்த வாக்கிலிருந்து என்னை விட்டுவிடு. எழுதியவள் நான்தான் என்று உன் அம்மாவிடம் சொல்ல விடு.