ஒண்ணும் ஆகாது என்று மறுபடியும் சொல்லிவிட்டேன்

டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்தால் பசி மறந்துபோகும் என் அலமு அக்காவுக்கு,

இன்று சாயங்காலம் துறையூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது உன் நினைவு சண்டைக்கு வந்தது. திருவெள்ளறை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். காலடியில் வெங்காய மூட்டையை வைத்துக்கொண்டிருந்த வியாபாரி, "என்ன சார், வெங்காயம் ஒத்துக்கலீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

முதல் பொய்யைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன்.

துறையூரில் இப்போது ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வைக்கிறோம். நம் ஸ்ரீரங்கத்தில் வைத்த அதே மாதிரிதான். டயலைச் சுற்றினால் மிஷினே கனெக்‌ஷன் கொடுத்துவிடும், நடுவில் ஆபரேட்டர் வேண்டாம். நான்தான் அங்கே பெரிய மெக்கானிக். உன் தம்பிக்குத் தொப்பை விழுந்துவிட்டது. போஸ்டில் ஏறுவதெல்லாம் போய், கீழே நின்றுகொண்டு ஏறுகிறவனைச் சத்தம் போடுவதோடு சரி. அடுத்த அறையில் பழைய போர்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் சரோஜா என்று ஒரு பெண். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். தகப்பனார் இல்லை, தாயாரும் இவளும்தான். காலையில் நான் சாமான் பெட்டியைத் திறக்கும்போது வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? கைலாசபுரத்துல புது ஃபேக்டரியில டெலிபோன் ஆபரேட்டர் எடுக்கிறாங்க. நாளன்னைக்கு இன்டர்வியூ, எனக்குக் கார்டு வந்திருக்கு. இருக்கிற வேலையை விட்டுட்டு எதுக்குடி போறேன்னு அம்மா திட்டறாங்க. இந்த மிஷின் வந்தா எங்க சீட்டு இருக்குமா சார்? நீங்க சொல்லுங்க, அதுபடி செய்யறேன்."

இருக்காது. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இன்ஜினீயர் எங்களைக் கூப்பிட்டு ஏற்கெனவே கண்டித்துச் சொல்லியிருந்தார். "வேலை முடியற வரைக்கும் அந்தப் பொண்ணுங்ககிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவங்க வேற இடம் பார்த்துக்கிட்டுப் போயிட்டா போர்டுல யாரு உக்கார்றது?" என்று. போதாததற்கு, சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயரை அவர்தான் எழுதி அனுப்ப வேண்டும்.

நான் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாதும்மா, கவலைப்படாம வேலையைப் பாரு" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது, அக்கா. நான் சொன்னதை அப்படியே நம்பி, அந்த மாதிரி ஒரு முகம் தெளிந்ததை இதற்கு முன்னாலும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அத்திம்பேர் காலமான பிறகு நீ உத்தர வீதி வீட்டுக்குத் திரும்பி வந்து, எஸ்.எஸ்.எல்.சி. படித்ததைச் சொல்லி ஸ்ரீரங்கம் போர்டில் வேலை வாங்கினாயே, அப்போது உறவுக்காரர்கள் பேசாத பேச்சா! "கண்ட கண்ட ஆம்பளைகளோட எல்லாம் நம்மாத்துப் பொண்ணு பேசணுமா?" என்றார்கள். நீ காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாய். அதற்கப்புறம் அவர்கள் பேசியது உனக்குக் கேட்கவில்லை.

நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்பது எனக்குத்தான் தெரியும். ஊரே உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது. "அலமு, பெருமாள் புறப்பாடு ஆயிடுத்தா?" "அலமு, டாக்டர் எந்தாத்துல இருக்கார் பாரு." நான் வெயிலில் போஸ்ட்மேல் ஏறி, ஒயரில் என் டெஸ்ட் போனை மாட்டி லைன் சரியா என்று கேட்டால், பதில் பேசுவது நீதான். மேலதிகாரி பக்கத்தில் இருந்தால் "நம்பர் ப்ளீஸ்" என்பாய். இல்லாவிட்டால் "மோர் குடிச்சியாடா?" என்பாய்.

திருச்சியில் டிரங்க் போர்டில் ஒரு இடம் காலியானது அந்தச் சமயம்தான். வெளியூருக்கு லைன் போட்டுக் கொடுக்கிற போர்டு. எந்த மிஷின் வந்தாலும் அந்த இடம் போகாது. நீ அடுப்படியில் சாத்தமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்டாய். "ஏண்டா, டிரங்க்குக்கு எழுதிக் குடுக்கட்டுமா? இல்லே இங்கேயே இருந்துடலாமா? நீ அந்த டிபார்ட்மெண்ட் விஷயமெல்லாம் தெரிஞ்சவன், சொல்லு."

ஸ்ரீரங்கத்துக்கு மிஷின் வரப்போவது அப்போதே எங்கள் காதில் விழுந்திருந்தது. வந்தால் போர்டுப் பெண்களை ஊர் ஊராகப் பிரித்துப் போடுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் டிரங்க் போர்டு என்றால் உனக்கு ராத்திரி டூட்டி வரும். என் வைதேகிக்கு அப்போது இரண்டாவது பிரசவ சமயம். மூத்தவன் உன் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். நீ இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. "ஒண்ணும் ஆகாது, இங்கேயே இரு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. உன் முகம் தெளிந்தது. டிரங்க் போர்டுக்குப் பாலக்கரை பிலோமினா போனாள்.

பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து புதியதற்கு மாற்றிய நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. விசில் ஊதியதும் புது அறையில் இருப்பவர்கள் லைன்களைத் திறந்துவிட வேண்டும். அதே விசிலுக்குப் பழைய அறையில் கேபிளை வெட்ட வேண்டும். வெட்டுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்ன பெருமையோ! நீ நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாய். விசில் கேட்டது, வெட்டினேன். யாராவது கூப்பிட்டால் உன் போர்டில் அந்த நம்பருக்கு ஒரு சின்ன மூடி தட்டென்று விழுமே, அது எதுவும் விழவில்லை. நீ ஹெட்செட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அவ்வளவுதானாடா?" என்றாய்.

நான் எல்லோருக்கும் கொடுத்த ஜாங்கிரிப் பொட்டலத்தை நீட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. நீ எடுத்துச் சாப்பிட்டாய். நன்னா இருக்கு என்றுகூடச் சொன்னாய்.

நீ ராமநாதபுரம் பக்கம் மாற்றலாகிப் போன பிறகு, கீழச் சித்திரை வீதி மாமா ஒருவர் போன் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால், ரிசீவரை எடுத்து டயல் டோனிடம், "அலமு, வக்கீலாத்துக்குப் போடும்மா, அலமு" என்று கத்திக்கொண்டிருக்கிறார். டயல் சுற்றக் கற்றுக்கொடுத்தேன். "அவ எங்கேடா?" என்றார். தூரமாக மாற்றிவிட்டார்கள் என்றேன். "நீயா மாத்தினே?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் ஸ்க்ரூடிரைவரை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. லீவில் வந்தபோது பாதியாக இளைத்திருந்தாய். "உப்புத் தண்ணிடா, காபியே வெளங்கலே" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். கடைசியில் உனக்குக் காய்ச்சல் முற்றிய செய்தி, நீங்கள் ஆபரேட்டர்கள் வேலைக்கு நடுவே போர்டுக்குப் போர்டு சொல்லி அனுப்புவீர்களே, அந்த வழியில்தான் வந்தது. நான் மிஷின் முன்னால் குத்துக்காலிட்டு ரிலே துடைத்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் போன் அடித்தது. "அலமேலு அக்காவுக்கு ரொம்ப முடியலையாம் தம்பி, உடனே கிளம்புங்க" என்றாள் பிலோமினா. பஸ் மாறி பஸ் ஏறிப் போனேன். நான் போவதற்குள் உன்னைக் கூடத்தில் கிடத்திவிட்டார்கள்.

அக்கா, உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஊர்ப் பேச்செல்லாம் உன் கை வழியாகத்தானே போயிற்று, மிஷின் வருகிற சங்கதி மட்டுமா உன் காதில் விழாமல் போயிருக்கும்? தெரிந்துகொண்டே என்னைக் கேட்டாயா? எங்கள் வீடு நடக்கட்டும் என்று நீயே முடிவு செய்துகொண்டுதான் இருந்தாயா? இப்படி நினைத்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. சௌகரியமாக இருப்பதாலேயே அதை நம்ப முடியவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அந்தப் பிரசவத்தில் பிறந்தவள் இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். அடுத்தவர் பேச்சுக்குக் காது நீட்டுவதில் உன்னை உரித்து வைத்திருக்கிறாள். இன்று வீட்டுக்கு வந்ததும் சரோஜா விஷயத்தை வைதேகியிடம் சொன்னேன். பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் நாரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்காகிட்டே சொன்ன மாதிரியேவா சொன்னேள்?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனேன்.

"அக்கா விஷயத்துல எனக்கும் பங்கு உண்டு. அவா இங்கேயே இருக்கணும்னு நானும்தான் வேண்டிண்டேன். ஆனா இந்தப் பொண்ணு இன்டர்வியூவுக்குப் போகாம உக்காந்துட்டா, அது முழுக்க உங்களோடது. எனக்கு அதுலே பங்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. நாளைக்கு முதல் பஸ்ஸில் துறையூர் போகிறேன். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் சரோஜாவைக் கூப்பிட்டு, "சீட்டு இருக்காதும்மா, நேத்து நான் சொன்னது பொய், நீ கைலாசபுரம் போ" என்று சொல்லிவிடுவேன். அவள் என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன். இன்ஜினீயர் கேட்டால், நான்தான் சொன்னேன் என்பேன். அந்த சூப்பர்வைசர் வேலை வேறு யாருக்காவது போகட்டும். போர்டில் உட்கார ஆள் இல்லாமல் போனால் ஹெட்செட்டை நானே மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். இதென்ன தகர டப்பா குரல் என்று துறையூர் வியாபாரிகள் கூச்சல் போடுவார்கள். போடட்டும்.

அவளிடம் சொன்னால் அது உன்னிடம் சொன்னதாக ஆகாது, அக்கா. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போகிறேன்.

உன்னை ஆத்தோடேயே வைத்துக்கொள்ளப் பார்த்த தம்பி,
ரங்கன்