இத்தாலியனும் பொன்னாடையும்

ஜூன் 5, வியாழன்
குளிர். இந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம். ஹீற்றர் வேலை செய்யவில்லை. பால், பாண் வாங்க வேண்டும்.

வெயார்ஹவுஸ் வேலையால் வந்து, அந்தக் காலத்து இத்தாலிய எஞ்சினியர் ஒருவனைப் பற்றிய கட்டுரையை முடித்தேன். என் இத்தாலியன் பாவம். ஏழை வீட்டுப் பிள்ளை, கணிதம் படித்து ரயில்வே எஞ்சினியர் ஆனவன். பாரம் ஏறினால் பாலம் எவ்வளவு வளையும் என்று கணக்கிட, ஊரில், எஞ்சினியரிங் கம்பஸில் நாங்கள் படித்தது அவன் வழிதான். பெயர் பெற்ற பெரியவர் ஒருவர் அதே விஷயத்தைத் தன் பெயரில் எழுதி, இவனை வெறும் அடிக்குறிப்பில் போட்டார். முறையிட்டான். பலனில்லை. நாற்பதுக்கு முன்னமே போய்விட்டான்.

ஞாயிறு, தமிழ் எஞ்சினியர்மார் கூட்டம். அதில் பேசக் கேட்டிருப்பது கம்பஸில் எனக்கு சீனியர் குகன் அண்ணையை. அவர் சொன்னார்: "நீ எழுது தம்பி. பாதி நீ பேசு, பாதி நான்." வேலை தரக்கூடியவர்கள் வருவார்களாம். பெட்டி அடுக்குகிற நானும் எஞ்சினியர்தான் என்று காட்ட ஒரு சந்தர்ப்பம்.

ஜூன் 7, சனி
மழை. சேட் அயர்ண் பண்ணியாச்சு. சப்பாத்துக்குப் பொலிஷ் இல்லை, தேங்காயெண்ணெய். கண்ணாடி முன் என் பாதியைப் பேசிப் பார்த்தேன். அறை நண்பன் சிவா: "ஆர் மச்சான் அந்த இத்தாலிக்காரன், பீட்சாக் கடையோ?"

ஜூன் 8, ஞாயிறு
எழுத மனமில்லை. எழுதாமலும் முடியவில்லை.

மேடை ஏறும்போது அண்ணை: "தம்பி, நேரம் காணாது. நானே பேசுறன். நீ ஸ்லைடைத் தள்ளு."

தள்ளினேன். எல்லாம் என் வசனம். "ஆறு மாசமாத் தேடிப் படிச்சனான்" என்றார். தேடியது நான். அடிக்குறிப்புக் கட்டத்தில் குரல் தழுதழுத்தது. "ஒருத்தன்ர உழைப்பை இன்னொருத்தர் எடுக்கிறது எவ்வளவு பெரிய துரோகம்!" முன்வரிசை அன்ரி கண் துடைத்தா. சபை கைதட்டியது. பழக்கதோஷம், நானும் தட்டினேன்.

முடிவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். இப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினேன். "கொம்பியூட்டர் உதவி செய்த தம்பிக்கு" என்று ஒரு பொன்னாடை. பெயர்கூட இல்லை. சபையில் போர்த்துகிற பொன்னாடையைத் தட்டிவிட முடியுமா? கும்பிட்டேன். படமும் எடுத்தார்கள்.

நம்பினேனே.

ஜூன் 10, செவ்வாய்
கொஞ்சம் வெயில். ஹீற்றர் திருத்த ஆள் வரவில்லை. சிவா பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு டிவி பார்க்கிறான்.

அண்ணை போன். "பேச்சுக்கு நல்ல பெயர் தம்பி. சிட்னியிலயும் கேக்கினம். இன்னொரு ஆளைப் பற்றி எழுதித் தாவன்."

எஞ்சினியர் வேலைக்கு விண்ணப்பித்தால், இந்த நாட்டில் என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சாட்சி சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இத்தாலியன் முறையிட்டான். நான், "ஓம் அண்ணை, எப்ப வேணும்?" என்றேன்.