மாலி கையில் எடுக்காத ராக்கெற்

என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்த மாலிக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நீ இருக்கும் இடம் குளிரா, வெயிலா? இங்கே ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் பனி இன்னும் கரையவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது, "அக்கா, மூக்குக் கழண்டு விழப்போகுது" என்று நீ முறையிடுவது நினைவுக்கு வருகிறது. முன்பு சிரிப்பு வரும், இப்போது கோபம்தான் வருகிறது. உன்னில் கோபம், தம்பியில் கோபம், என்னிலும் கோபம். செத்தவர்களோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். நீ என் மச்சாள், உன்னோடு பிடிக்காமல் வேறு யாரோடு பிடிப்பது?

உன்னை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து தப்பிய என் தம்பி சிவா பாங்கொக்கில் மாட்டிக்கொண்டான். கனடாவுக்கு ஏற்றிவிடுவதாகச் சொன்ன ஏஜென்ட் இன்று நாளை என்று இழுத்தடித்தான். பொழுது போகாமல் பக்கத்திலிருந்த பட்மின்ரன் மண்டபத்தில் போய்க் குந்தியிருந்தவன், அங்கேதான் உன்னைக் கண்டான். அப்போது நீ தாய்லாந்து அணியில் பெண்கள் ஒற்றையர் ஆடிக்கொண்டிருந்தாய். கோலாலம்பூர், ஜகார்த்தா என்று போய் வந்தவள். சீனத்துப் பெண்களிடம் தோற்பாள், மற்ற ஒருத்தரையும் விடமாட்டாள் என்று, முன்னமே ரொறன்ரோ வந்துவிட்ட எனக்குப் பெருமையாக எழுதுவான்.

சின்ன வயதிலேயே ஊரைவிட்டு வந்து, மண்டபத்துக்கு மேலிருந்த அறையில் மற்றப் பெண்களோடு படுத்தெழும்பி வளர்ந்தவள் நீ. ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதை விட்டுவிட்டு ஒரு அகதியின் பின்னால் வந்தாயே, உனக்கு விசரா என்று நான் முதல் நாளே கேட்டேன். "விசர் எண்டால் என்ன?" என்றாய், சிவாவிடம் பழகிய தமிழில். பைத்தியம் என்று சிவா விளக்கம் சொன்னதும், "ஓம் அக்கா, விசர்தான்" என்று தலையாட்டினாய். அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துவிட்டது.

எல்லோரும் ஒரே அப்பார்ட்மென்டில்தான் இருந்தோம். பகலில் நீயும் நானும் மிசிசாகாவில் விமானத்துக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினோம். பின்னேரம் உனக்கு ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் கிளப் ஆட்டம். அந்தக் கிளப்பில் தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராகக் கதிரையில் ஏறி உட்கார வேண்டும். வந்த முதல் வருடம் நீ அந்தக் கதிரையில் இருந்ததே இல்லை. வெள்ளைக்காரப் பெண்கள் உன்னைவிட எவ்வளவோ உயரம். நீ இறகுப்பந்தை வலைக்குப் பக்கத்தில் மெல்லப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொள்வாய். அவர்கள் ஓடிவந்து தடுக்கி விழுவார்கள். எண்பத்தாறு கோடையில் நீயும் இடைக்கிடை அந்தக் கதிரையில் இருக்கத் தொடங்கினாய். "வயசு போகுது அக்கா" என்றாய். உனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

அந்த ஒக்ரோபர் லோங் வீக்கெண்டில் நடக்கும் போட்டியில் வென்றால் மாகாண அணியில் இடம் என்று பயிற்சியாளர் சொன்னார். அடுத்த வருடத்தை நம்பியிருக்கிற வயதில்லை. "திரும்பவும் ஆட்டக்காரி ஆகப்போறன்!" என்று வேலையிடத்தில் எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டாய். சூப்பர்வைசர் முறைத்தார்.

சனிக்கிழமை அரையிறுதியில் வென்று வந்தவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாய். மறுநாள் இறுதியாட்டம். சரஸ்வதி பூசையும் அன்றுதான். சிவாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளின் புத்தகங்களையும் அவரவர் தொழிலுக்கான ஆயுதங்களையும் சாமிக்கு முன் வைப்பது நம் வழக்கம். வைத்தால் விஜயதசமி காலை வரைக்கும் யாரும் கை வைப்பதில்லை. விடிய எழும்பிக் குளித்து, என் மகளின் கணக்குப் புத்தகத்துக்கு மேலே உன் இரண்டு ராக்கெற்றுகளையும் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, கற்பூரமும் காட்டிவிட்டான். பின்னேரம் அதே ராக்கெற் வேண்டுமே என்பது கற்பூரம் அணைந்த பிறகுதான் அவனுடைய மண்டையில் ஏறியது.

"எடுத்துக்கொண்டு போ மாலி, சரஸ்வதி கோவிக்கமாட்டா," என்றான்.

"பிழையைச் செய்துபோட்டுச் சரஸ்வதியை இழுக்காதை," என்று நான் கத்தினேன். "மாலி, நீ எடு. பாவம் வந்தால் எனக்கு வரட்டும்."

நீ கைகூப்பிக்கொண்டு நின்றாய். "குடுத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது. எங்கட ஊரிலயும் அப்பிடித்தான்," என்றாய். ராக்கெற்றைத் தொடாமலே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாய்.

கிளப்பில் ஒருத்தியிடம் இரவல் வாங்கி ஆடினாய். அதன் பிடி உன் சின்னக் கைக்குத் தடிப்பு. முதல் ஆட்டத்தில் எப்படியோ பதினொரு புள்ளி எடுத்து வென்றாய். இரண்டாவதில் பந்து தலைக்கு மேல் வந்தபோது கை எழும்பவில்லை. அது விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மூன்றாவதில் நடுத்தரையில் விழுந்து, எழும்பாமல் குந்திவிட்டாய். சிவா எல்லோருக்கும் முன்னால் தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே கதைதான். ராக்கெற்றைப் பூசையில் வைத்ததால் தோற்றாள். நீ எழும்பாமல் படுத்திருந்தால், தோற்ற கவலை என்றோம். சாப்பிடாவிட்டாலும் அதே கவலைதான். காலில் நீலம் பாரித்திருந்தது, ஆட்டத்தில் விழுந்ததால் என்றோம். சிவா ஓவர்டைம் செய்து புது ராக்கெற் வாங்கி வந்தான். நீ அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. மார்கழியில் வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தப் புற்றுநோய், கனநாளாக இருந்திருக்கிறது என்றார் டொக்டர்.

மாசியில் ஒரு மத்தியானம், சிவா கோப்பி வாங்கக் கீழே போன நேரம் பார்த்து என்னைக் கிட்டக் கூப்பிட்டாய்.

"அக்கா, அண்டைக்கு நான் ராக்கெற் எடுக்காதது சாமிக்காக இல்லை."

"பின்னை?"

"சனிக்கிழமையே கையைத் தூக்க ஏலாமல் இருந்தது. வெல்லமாட்டன் எண்டு தெரியும். என்ர ராக்கெற்றோட தோத்தால், மாலி முடிஞ்சுபோனாள் எண்டு சொல்லுவினம். இரவல் எண்டால் ராக்கெற்றைச் சொல்லுவினம்."

சிவாவுக்குச் சொல்லடி என்று கெஞ்சினேன்.

"வேண்டாம். இப்ப அவருக்குச் சாமியோட கோவம். சொன்னால், பக்கத்தில படுத்திருந்தும் எனக்குத் தெரியேல்லையே எண்டு அழுவார். இது பரவாயில்லை. நீங்களும் சொல்லாதேங்கோ." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். பங்குனியில் போய்விட்டாய்.

நீ நினைத்தது பிழை, மாலி. உன் புருஷனை இப்போது கண்டால் உனக்கே அடையாளம் தெரியாது. வேலையை விட்டுவிட்டான். போன சரஸ்வதி பூசைக்கு நான் விளக்கேற்ற, மேசையைக் காலால் உதைத்துத் தள்ளினான். "நான்தான் அவளைச் சாக்காட்டினனான். அந்த ஆட்டம் வெண்டிருந்தால் அவள் இருந்திருப்பாள்," என்றான். டொக்டர் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. போன கிழமை, ரூஜ் ஆற்றுப் பாலத்தில் கோட்டும் இல்லாமல் நின்றவனை அவனுடைய கூட்டாளி காரில் ஏற்றி வந்து என்னிடம் ஒப்படைத்தான். ஏன் அங்கே போனாய் என்று கேட்டேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, சும்மா என்றான். அன்றிரவு அவனுடைய அறை வாசலில் பாயைப் போட்டுப் படுத்தேன்.

அதனால் உனக்குச் செய்த சத்தியத்தை மீறுகிறேன். முகத்துக்கு நேரே சொல்லப் பார்த்தேன், பாதியில் தேநீர் வைக்க எழும்பிப் போய்விட்டேன். அவனுடைய கண்களைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நம் ஆட்கள் நடத்தும் பத்திரிகைக்கு இதைக் கொடுக்கிறேன். அவன் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் உன் படம் போட்ட பக்கத்தை வாசிப்பான். அவன் பூசிய குங்குமத்தால் நீ தோற்கவில்லை, அதனால் சாகவும் இல்லை. இதை ஊரே வாசிக்கட்டும். உனக்கு என்மேல் கோபம் என்றால் வைத்துக்கொள்.

மீறிய சத்தியத்துக்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன். அவனை இனித் தனியே விடமாட்டேன். இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வருவான். "பக்கத்தில இருந்தும் எனக்கு ஏன் அக்கா தெரியேல்லை?" என்று கேட்பான். என் அறைக் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு இருத்தி, நானும் அதே வீட்டில்தானே இருந்தேன் என்று சொல்வேன்.

உனக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றாத மச்சாள்,
வதனி