முசேக்குத் தவக்காலம் இல்லை

அன்புள்ள தங்கை இசபெல்லா,

போன தவக்காலத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு மீன் தின்றதாகக் கோயில் வாசலில் பேசுகிறார்களாம். அது பொய். அந்த மத்தி என் பூனை முசேக்கு வேகவைத்தது. நீ சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

முசேயை உன் பொறுப்பில் விட்டுவந்த நானும் பாரிஸில் மகன் வீட்டில் சுகமே. பேத்தியைப் பள்ளியில் விட்டுவரும்போது படியில் வழுக்கி, மணிக்கட்டில் சின்னக் கட்டு. எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள்.

“தவக்காலத்துல மீன் சட்டி அடுப்புல ஏறக்கூடாதுக்கா. காஞ்ச தீனிதான் போடுறேன், மொறுமொறுன்னு தின்னுறான்” என்று போனில் சொன்னாய். ஒறுத்தல் நமக்குத்தான், பூனைக்கு இல்லை. அவன் தண்ணீர் குடிக்காதவன். முன்பு காய்ந்த தீனியால் மூத்திரம் அடைத்துத் துடித்தான். மறுபடி அடைத்தால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில் இருந்தாய். மீன் சமைக்க மனமில்லையென்றால், கடையில் ஈரத் தீனி பவுச் வாங்கிக் கொடு.

நேற்று அவன் குரலைக் கேட்கவேண்டும் என்றேன். “தூங்குறான்க்கா” என்றாய். முந்தின நாளும் அதையே சொன்னாய். என் வீட்டுக்காரர் போனபின் ஊரில் அந்த வீட்டில் எனக்காகக் காத்திருப்பது அவன் ஒருவன்தான்.

போனில் சொல்லாதே. முசே இருக்கிறானா, இல்லையா என்று உன் கையால் எழுதி அனுப்பு.

அக்கா,
மதலேன்